அலாரம், லாக் புக், சிமுலேட்டர், அட்வான்ஸ்டு கண்ட்ரோல்: கண்ட்ரோல் ரூமுக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் எதில் போடுவது?

ஆண்டுத் திட்டக் கூட்டத்தில் பம்பு, எக்ஸ்சேஞ்சர், கம்ப்ரசர் எல்லாம் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் கண்ட்ரோல் ரூமுக்கு முறை வரும். மிஞ்சியிருப்பது ஒரு வேலைக்குத்தான் போதும். வந்து நிற்கும் கோரிக்கைகளோ நான்கு. அலாரங்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்கிறார் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர். லாக் புக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும் என்கிறார் ஷிஃப்ட் மேனேஜர். ஆபரேட்டர்களுக்கு சிமுலேட்டர் வேண்டும் என்கிறது பயிற்சிப் பிரிவு. கம்ப்யூட்டரே பல லூப்புகளைச் சேர்த்துப் பார்த்து ஆலையை எல்லைக்குப் பக்கத்தில் ஓட்டும் அட்வான்ஸ்டு கண்ட்ரோலைப் போட்டால் போட்ட பணம் சீக்கிரமே திரும்பிவிடும் என்கிறார் புராசஸ் இன்ஜினியர். நான்குமே நியாயமான கோரிக்கைகள், அதுதான் சிக்கல்.

இந்த மாதிரிக் கூட்டங்களில் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். ஷிஃப்டில் இருந்த வருடங்களில் கேட்கிற பக்கம், பிற்பாடு கொடுக்கிற பக்கம். நான் பார்த்தவரை பணம் பெரும்பாலும் நான்காவது கோரிக்கைக்கே போகும். அதற்கு மட்டும்தான் லாபக் கணக்கை ஒரே பக்கத்தில் போட்டுக் காட்ட முடியும். நடக்காமல் போன விபத்துக்கு யார் ரசீது கொடுப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஆலைகளுக்கு அலாரம்தான் முதல். லாக் புக் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் ஷிஃப்ட் ஒப்படைப்பை, அதாவது ஒரு ஷிஃப்ட் அடுத்ததிடம் நிலவரத்தைச் சொல்லிப் பொறுப்பைக் கொடுப்பதைச் சரிசெய்வது அதற்கும் முந்தி நடக்க வேண்டியது. ஆனால் அதற்குப் பணம் வேண்டியதில்லை, ஆகவே அது இந்த வரிசையிலேயே நிற்கக் கூடாது. மற்ற இரண்டும் நல்லவைதான், ஆனால் முதல் இரண்டும் சரியாக இல்லாத இடத்தில் போட்ட பணத்துக்கு வேலை செய்யாது. விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

275 அலாரம்

1994 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் காலையில் மின்னல் தாக்கி, குரூடு யூனிட்டில் தீப்பிடித்தது. மற்ற யூனிட்டுகள் நிறுத்தப்பட்டன, கிராக்கிங் யூனிட்டை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே டிபியூட்டனைசர் என்ற பிரிப்புக் கோபுரத்திலிருந்து திரவம் வெளியேறும் வால்வு மூடிக் கிடந்தது, திரையோ திறந்திருப்பதாகக் காட்டியது. கோபுரம் நிரம்பிக்கொண்டே போனது. திரவம், வேண்டாத வாயுவை எரித்துவிடும் ஃபிளேர் பக்கம் தள்ளப்பட்டு, அங்கிருந்த டிரம் நிரம்பி, அதைத் தாண்டிய குழாய் ஒரு வளைவில் பிளந்தது. சுமார் 20 டன் ஹைட்ரோகார்பன் வெளியேறி வெடித்தது. 26 பேருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை.

விசாரணை அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. வெடிப்புக்கு முந்தைய 10.7 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு வந்த அலாரங்கள் 275. அதாவது இரண்டரை நொடிகூட இடைவெளி இல்லை. அந்த நேரத்தில் டேக் நம்பரை, அதாவது கருவியின் அடையாள எண்ணைப் படித்து முடிக்கலாம். எந்தக் கோபுரம், எந்த வால்வு, அடுத்து என்ன என்று யோசிக்க முடியாது. அந்தக் கூட்டத்துக்குள் உண்மையான செய்தியும் ஒளிந்திருந்தது. கல்யாண வீட்டுச் சத்தத்தில் ஒருவர் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல.

இத்தனை அலாரம் எங்கிருந்து வந்தது என்றால், இலவசமாக வந்தது. பழைய பேனல் காலத்தில் ஒரு அலாரம் வேண்டுமானால் களத்திலிருந்து ஒயர் இழுக்க வேண்டும், சுவரில் ஒரு விளக்குக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். ஆகவே யோசித்து வைத்தார்கள். டிசிஎஸ் என்ற கம்ப்யூட்டர் கண்ட்ரோல் வந்ததும், அளவைத் திரைக்கு அனுப்பும் ஒரே டிரான்ஸ்மிட்டருக்கு ஹை, ஹை-ஹை, லோ, லோ-லோ, டிவியேஷன், பேட் சிக்னல் என்று ஆறு அலாரம் செலவில்லாமல் கிடைத்தது. அப்புறம், எங்கே என்ன தவறு நடக்கலாம் என்று அலசும் ஹேசாப் கூட்டங்கள் இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்கு விடை கிடைக்காத கேள்விக்கெல்லாம் அங்கே ஒரே பதில்தான்: "ஒரு அலாரம் வச்சுடலாம்." அப்படிப் பிறந்த அலாரத்துக்கு யாரும் பொறுப்பில்லை, அதை எடுக்கவும் யாருக்கும் தைரியமில்லை.

அளவுகோல் என்று பார்த்தால், பிரிட்டனின் ஈமுவா அமைப்பு 1999-இல் வெளியிட்ட 191-ஆம் எண் வழிகாட்டிதான் இன்றும் பேச்சில் அடிபடுகிறது. ஆலை சீராக ஓடும்போது ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்குச் சராசரியாக ஒன்றுக்குக் குறைவாக இருக்க வேண்டும், அதாவது நாளொன்றுக்கு 144-க்குள். பெரிய தடங்கல் வந்தால் முதல் பத்து நிமிடத்தில் பத்துக்குள். பிற்பாடு 2009-இல் ஐஎஸ்ஏ 18.2, 2014-இல் ஐஇசி 62682 என்று தரநிலைகளும் வந்தன. முன்னுரிமையைப் பிரிப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விகிதம் தாழ்ந்தது 80, நடுத்தரம் 15, உயர்ந்தது 5 சதவீதம். உங்கள் ஆலையில் சிவப்பு நிறத்தில் வருபவை இதைப் போல எத்தனை மடங்கு என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அலாரம் சீரமைப்பு உண்மையில் இரண்டு வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பட்ஜெட் பெரிதாகிவிடுகிறது.

முதல் வேலை தொந்தரவு அலாரங்களைப் பிடிப்பது. ஒரு மாதப் பட்டியலை எடுத்து, எந்த டேக் எத்தனை முறை வந்தது என்று வரிசைப்படுத்தினால் போதும். உச்சியில் இருக்கும் பத்து, பதினைந்து டேக்குகளே பெரும்பங்கு சத்தத்துக்குக் காரணமாக இருக்கும். நான் பார்த்த ஒரு பட்டியலில் முதலிடம் ஒரு டிரம் லெவலுக்கு. அலாரம் 80 சதவீதத்தில், லெவல் நாள் முழுக்க 79.7-க்கும் 80.2-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மணி. ஆபரேட்டர் திரையைப் பார்க்காமலேயே கையை நீட்டி அக்னாலட்ஜ் பொத்தானை அமுக்கிவிட்டுப் பேச்சைத் தொடர்வார். அந்தக் கை எல்லா அலாரத்துக்கும் அப்படியேதான் நீளும், அதுதான் ஆபத்து. இதற்கு மருந்து டெட்பேண்டும் (அளவு இவ்வளவு திரும்பி வந்தால்தான் அலாரம் அணையும் என்ற இடைவெளி) டிலேயும் (அலாரத்துக்கு முன் காத்திருக்கும் நேரம்). தொடக்க மதிப்பாக லெவலுக்கு 5 சதவீதம், 60 நொடி. ஃபுளோவுக்கு 5 சதவீதம், 15 நொடி. பிரஷருக்கு 2 சதவீதம், 15 நொடி. டெம்பரேச்சருக்கு 1 சதவீதம், 60 நொடி. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடக் கூடாது. வேகமாக ஏறும் சிறிய டிரம்முக்கு 60 நொடி என்பது ஆயுள் தண்டனை. அடுத்த வகை ஸ்டாண்ட்பை பம்பின் லோ பிரஷர் அலாரம். பம்பு ஓடவில்லை, பிரஷர் எப்படி இருக்கும்? பம்பு ஓடும்போது மட்டும் அலாரம் வரட்டும் என்று ஒரு சின்ன லாஜிக் போட்டால் முடிந்தது. இந்த முதல் வேலைக்குச் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர், கண்ட்ரோல் ரூம் திரை முன்னால் இருக்கும் ஒரு அனுபவமுள்ள போர்டு ஆபரேட்டர், வாரம் ஒரு மதியம். மாற்றங்களுக்கு முறையான ஒப்புதல்.

இரண்டாவது வேலைதான் கனமானது. ஒவ்வொரு அலாரத்தையும் மேசையில் வைத்துக் கேள்வி கேட்பது: எதனால் வரும், கவனிக்காவிட்டால் என்ன ஆகும், ஆபரேட்டர் என்ன செய்ய வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்குப் பதில் "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்றால் அது அலாரமே இல்லை, வெறும் தகவல். ஆயிரக்கணக்கான டேக்குகளுக்கு இப்படி உட்கார்ந்தால் வாரக்கணக்கு ஆகும். புராசஸ், இன்ஸ்ட்ருமென்ட், ஆபரேஷன் மூன்று பக்கத்திலிருந்தும் நல்ல ஆட்களை வேலையிலிருந்து பிரித்துக் கொண்டுவர வேண்டும். பணம் போவது சாஃப்ட்வேருக்கு அல்ல, இந்த ஆட்களின் நேரத்துக்கு. இந்த வேலையை வெளி ஆலோசகரிடம் முழுதாக ஒப்படைத்த ஆலைகளைப் பார்த்திருக்கிறேன். அழகான எக்செல் கிடைத்தது, ஆபரேட்டர்களுக்கு எது ஏன் மாறியது என்றே தெரியவில்லை.

அலாரம் சீரமைப்பால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். 2005 டிசம்பர் 11 அதிகாலை, இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 912-ஆம் எண் தொட்டி பெட்ரோலால் நிரம்பி வழிந்து வெடித்தது. அங்கே அலாரம் அதிகமாகி யாரும் குழம்பவில்லை, அலாரம் வரவே இல்லை. லெவல் கேஜ் ஒரே இடத்தில் சிக்கி நின்றுவிட்டது, கடைசிக் காவலாக இருந்த ஹை-லெவல் சுவிட்சும் வேலை செய்யும் நிலையில் இல்லை. பட்டியலைச் சுத்தப்படுத்துவது ஒரு வேலை, பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் கருவி உயிரோடு இருக்கிறதா என்று சோதிப்பது வேறு வேலை. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதை மறந்தால் திரை அமைதியாக இருக்கும், அவ்வளவுதான்.

ஷிஃப்ட் மாறும் கால் மணி நேரம்

பன்ஸ்ஃபீல்டு கேஜுக்கு ஒரு முன்கதை உண்டு. அந்த ஆகஸ்ட் கடைசியிலிருந்து விபத்து நாள் வரை அது 14 முறை சிக்கியிருக்கிறது. சில முறை கேஜை மேலே தூக்கி இறக்கிச் சரிசெய்தார்கள், சில முறை சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டார்கள். சில முறை குறைபாடு என்று எழுதி வைத்தார்கள், சில முறை இல்லை. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் அது ஒரு சின்ன எரிச்சல். பதினாலையும் சேர்த்துப் பார்த்தவர் யாருமில்லை.

கம்ப்யூட்டர் லாக் புக் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பலமான வாதம் கிடையாது. காகித நோட்டில் மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு வரியைத் தேட யாரும் பக்கம் புரட்டப் போவதில்லை. கம்ப்யூட்டரில் டேக் நம்பரைப் போட்டால் அத்தனை வரியும் வந்து நிற்கும். பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு), பைபாஸ் பட்டியல் (தற்காலிகமாக முடக்கி வைத்த காவல்கள்), தற்காலிக உத்தரவுகள் எல்லாவற்றையும் அதோடு இணைத்துவிடலாம். கையெழுத்து புரியவில்லை என்ற பேச்சே இல்லை.

ஆனால் எழுதாத வரியை எந்தத் தேடலும் எடுத்துத் தராது. 2005 மார்ச் 23, டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை. இரவு ஷிஃப்ட் 170 அடி உயரக் கோபுரம் ஒன்றில் திரவம் ஏற்றி, பாதியில் நிறுத்தி வைத்தது. கோபுரத்தை நிரப்பிய அளவு, அடுத்து எப்படித் தொடர வேண்டும் என்ற விவரம் எதுவும் இல்லாமல் லாக் புக்கில் ஒற்றை வரி மட்டும் எழுதப்பட்டது. காலை ஷிஃப்ட் மறுபடி நிரப்ப ஆரம்பித்தது. லெவல் டிரான்ஸ்மிட்டர் கோபுரத்தின் அடிப்பகுதியில் சில அடிகளை மட்டுமே அளக்கக்கூடியது. திரவம் அதைத் தாண்டிப் போன பிறகும் அது குறைந்துகொண்டே வருவதாகக் காட்டியது. உள்ளே வரும் ஃபுளோ ஒரு திரையில், வெளியே போகும் ஃபுளோ வேறு திரையில். இரண்டையும் கழித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கோபுரம் நிரம்பி வழிந்து, வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். போர்டு ஆபரேட்டர் அன்று 12 மணி நேர ஷிஃப்டில் தொடர்ந்து 29-ஆவது நாளாக வேலையில் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் இருப்பவர் முன்னால் எவ்வளவு நல்ல சாஃப்ட்வேரை வைத்தாலும் அவர் டைப் செய்யப்போவதும் ஒரு வரிதான்.

1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. ஒரு கண்டன்சேட் பம்பின் சேஃப்டி வால்வைப் பகலில் கழற்றி, திறந்த முனையில் பிளைண்ட் என்ற மூடித் தகட்டை மாட்டி வைத்தார்கள். வேலை முடியாததால் பெர்மிட் நிறுத்தி வைக்கப்பட்டது. மாலை ஷிஃப்டுக்கு அந்த வால்வு அங்கே இல்லை என்பது தெரியாது. இரவு மற்றொரு பம்பு டிரிப் ஆகி நின்றதும் இதை ஓட்டினார்கள், கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். பெர்மிட் காகிதம் இருந்தது, முறை இருந்தது, இரண்டு ஷிஃப்டும் நேருக்கு நேர் நின்று "அந்த பம்பை எடுக்காதே, மேலே வால்வு இல்லை" என்று சொல்லும் பேச்சு மட்டும் நடக்கவில்லை.

என் சொந்த அனுபவம் இவ்வளவு பெரிதல்ல. நான் ஷிஃப்டில் இருந்த ஒரு ஆலையில் லெவல் டிரான்ஸ்மிட்டரைச் சரிபார்க்க ஆபத்து வந்தால் தானாக நிறுத்தும் இன்டர்லாக்கை பைபாஸ் செய்திருந்தார்கள். வேலை முடியவில்லை. லாக்கில் "எல்டி வேலை நடக்கிறது" என்று எழுதியிருந்தது, பைபாஸ் பற்றி ஒரு எழுத்து இல்லை. எழுதியவருக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வேலை நடந்தால் பைபாஸ் இருக்கத்தானே செய்யும். அடுத்த ஷிஃப்டில் வேலை நடக்கவில்லை, மூன்றாவது ஷிஃப்டில் அந்த வரியே லாக்கில் இல்லை. பேனலில் சாவி திரும்பி நிற்பதை ஒரு ஃபீல்டு ஆபரேட்டர் தற்செயலாகப் பார்த்து, "அண்ணே, இது எதுக்குத் திரும்பியிருக்கு?" என்று கேட்டதால்தான் தெரிந்தது. அதுவரை அந்த யூனிட் ஒரு காவல் குறைவாகவே ஓடியது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது ஒரு தாள். வருகிற ஆள் போர்டு முன்னால் நின்று, போகிற ஆளிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் அதில் இருந்தன. எது பைபாஸில் இருக்கிறது? எந்தப் பெர்மிட் திறந்திருக்கிறது, எந்தக் கருவி பிரிந்து கிடக்கிறது? எந்த அலாரம் அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது? எந்த லூப் (தானாக அளவைச் சரிசெய்யும் கண்ட்ரோல்) மேனுவலில், அதாவது கையால் ஓட்டும் நிலையில், ஏன்? உன் மனதை உறுத்துவது எது? கடைசிக் கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வந்தன. "எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா அந்த ரீபாய்லர் சத்தம் எனக்குப் பிடிக்கலை" என்ற மாதிரிப் பதில் எந்த லாக் புக்கிலும் ஏறாது. போகிற ஆள் சொல்வதைவிட வருகிற ஆள் கேட்பது மேல். சொல்பவருக்குத் தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பு இருக்கும்.

இந்தத் தாளுக்கு என்ன செலவு? அச்சுக்கூலி. அப்புறம் இரண்டு ஷிஃப்டும் ஒன்றாக இருக்கும் 15 அல்லது 20 நிமிடத்துக்குச் சம்பளம். பல ஆலைகளில் பிரச்சினையே இதுதான். ஒப்படைப்புக்கு நேரமே ஒதுக்கப்படவில்லை, ஆபரேட்டர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தைக் கொடுக்காமல் சாஃப்ட்வேர் வாங்குவது வீண். பேச்சு நன்றாக நடக்கும் ஆலையில் கம்ப்யூட்டர் லாக் அதை இன்னும் பலப்படுத்தும். பேச்சே நடக்காத ஆலையில் நேற்றைய பத்தியை காப்பி செய்து இன்றைய தேதியில் ஒட்டும் வசதியைத்தான் அது கொடுக்கும். இதையும் பார்த்திருக்கிறேன். நின்றுபோன பம்பு ஒன்று லாக்கில் நான்கு நாள் ஓடிக்கொண்டிருந்தது.

சிமுலேட்டர்

ஆலை எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ அவ்வளவு குறைவாக ஆபரேட்டர் கற்றுக்கொள்கிறார், முரண்தான். ஷட்டவுனுக்கும் ஷட்டவுனுக்கும் நடுவே நாலைந்து வருடம் போகும் ஆலையில், சேர்ந்து மூன்று வருடமான ஆபரேட்டர் ஒரு ஸ்டார்ட்-அப்பைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆபத்து அதிகமான நேரமோ அதுதான். டெக்சாஸ் சிட்டியில் நடந்ததும் ஸ்டார்ட்-அப்பின்போதுதான். அங்கே ஆபரேட்டர்கள் பழகுவதற்கு சிமுலேட்டர் இருக்கவில்லை என்பதை விசாரணைக் குழுவும் குறிப்பிட்டது.

சிமுலேட்டரின் பலவீனம் இரண்டு. ஒன்று, அதை எழுதியவர் யோசித்த தடங்கலைத்தான் அது கற்றுத்தரும். 1979 மார்ச் 28-இல் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் ஆபரேட்டர்கள் சந்தித்த நிலைமையை, அவர்கள் பயிற்சி பெற்ற சிமுலேட்டரால் உருவாக்கிக் காட்டவே முடியாது. ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்ட் எரிவாயு ஆலையில் 1998 செப்டம்பர் 25 அன்று, உறைந்து போயிருந்த எக்ஸ்சேஞ்சருக்குள் சூடான எண்ணெயை விட்டதும் அது கண்ணாடி போலப் பிளந்து இரண்டு பேர் இறந்தார்கள். குளிர்ந்த எஃகு நொறுங்கும் என்பது அங்கிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. அதற்கு சிமுலேட்டர் வேண்டியதில்லை, கரும்பலகையும் ஒரு மணி நேரமும் போதும்.

இரண்டாவது, சிமுலேட்டர் பால் மாதிரி கெட்டுப்போகும். ஆலையில் ஒரு பைப்லைனை மாற்றினால் அதிலும் மாற்ற வேண்டும். அந்த வருடாந்தரச் செலவை யாரும் முதல் பட்ஜெட்டில் காட்டுவதில்லை. மூன்று வருடம் கழித்துத் திரைகள் வேறு, வால்வு எண்கள் வேறு என்றாகி, அறையைப் பூட்டிவிடுவார்கள். வாங்கினால் பராமரிப்பு ஆளோடு சேர்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வாங்க முடியாதவர்களுக்கு ஒரு எளிய வழி: வாரம் ஒரு தடங்கலை எடுத்துக்கொண்டு ஷிஃப்டோடு மேசையில் உட்கார்ந்து, "இப்போ கூலிங் வாட்டர் போச்சு, முதல் திரையில் எதைப் பார்ப்பாய்?" என்று அரை மணி நேரம் பேசுவது.

அட்வான்ஸ்டு கண்ட்ரோல்

இதன் கணக்கு எளிமையானது, உண்மையானதும்கூட. ஒரு கோபுரத்தின் மேலிருந்து வரும் பொருளில் கலப்பு 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். கையால் ஓட்டும்போது அது மேலும் கீழும் 0.4 ஆடுகிறது. ஆகவே ஆபரேட்டர் 0.6-இல் வைத்து ஓட்டுவார். ஆட்டத்தை 0.2 ஆகக் குறைத்தால் 0.8-இல் ஓட்டலாம். தேவைக்கு மேல் சுத்தமாக்கச் செலவழித்த நீராவி மிச்சம், சில இடங்களில் உற்பத்தியும் கூடும். இது ஒவ்வொரு மணி நேரமும் வரும் லாபம். புராசஸ் இன்ஜினியர் சொல்வதில் தவறே இல்லை.

ஆனால் இது நிற்பது அடிப்படை லூப்புகளின் தோளில். வால்வு ஒட்டிக்கொண்டு நகர்கிறது, டிரான்ஸ்மிட்டர் தவறாகக் காட்டுகிறது, பாதி லூப் மேனுவலில் கிடக்கிறது என்றால், மேலே உட்காரும் மூளை கை கால் இல்லாத மூளை. முதல் ஆறு மாதம் விற்றவரின் ஆட்கள் கூடவே இருப்பார்கள், நன்றாக ஓடும். அவர்கள் போன பிறகு ஒரு ராத்திரி அது வினோதமாக எதையோ செய்யும், ஆபரேட்டர் அணைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

அலாரத்தோடு இதற்கொரு தொடர்பு உண்டு, லாபக் கணக்கில் அது வருவதே இல்லை. அலாரம் ஓயாமல் கத்தும் போர்டில் ஆபரேட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எல்லையிலிருந்து வெகு தூரம் தள்ளியே ஓட்டுவார். எல்லைக்குப் பக்கத்தில் போனாலே ஒரு மணி அடிக்கும் என்றால் யார் போவார்கள்? திரை அமைதியானதும் அவரே மெல்ல மெல்ல நெருக்கி ஓட்ட ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அலாரம் பாதுகாப்புக்கு, அட்வான்ஸ்டு கண்ட்ரோல் லாபத்துக்கு என்று இரண்டு தனிப் பெட்டியாகப் பிரித்து வைப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் ஆலைக்கு எது?

கூட்டத்துக்கு முந்தைய வாரம் நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். எதற்கும் பணம் வேண்டாம். கடந்த 30 நாள் அலாரம் பட்டியலை எடுத்து, ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். பத்து நிமிடத்தில் பத்துக்கு மேல் வந்த தருணங்கள் எத்தனை என்றும் பாருங்கள், ஏனென்றால் சராசரி பல பாவங்களை மறைக்கும். அடுத்து, வெவ்வேறு ஷிஃப்டில் மூன்று ஒப்படைப்புகளின்போது ஒரு மூலையில் போய் நில்லுங்கள். எதுவும் பேசாதீர்கள். பிறகு எத்தனை கண்ட்ரோலர் மேனுவலில் இருக்கிறது என்று எண்ணுங்கள். கடைசியாக, ஆபரேட்டர் பட்டியலில் யார் யார் தன் கையால் ஸ்டார்ட்-அப் செய்திருக்கிறார்கள் என்று குறியுங்கள்.

ஒப்படைப்பு மோசமாக இருந்தால் பட்ஜெட்டுக்காகக் காத்திருக்காமல் அடுத்த திங்கட்கிழமையே தாளோடு ஆரம்பித்துவிடலாம். ஆறு மாதம் அது பழகிய பிறகு கம்ப்யூட்டர் லாக் வாங்கினால், அதில் என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். விற்பவர் காட்டும் மாதிரியை அப்படியே வாங்க மாட்டீர்கள்.

அலாரம் எண்ணிக்கை அளவுகோலைத் தாண்டினால், பெரும்பாலும் தாண்டும், பணம் அங்கே. முதலில் தொந்தரவு அலாரங்கள், பிறகு ஒரே ஒரு யூனிட்டில் முழு ஆய்வு. எல்லா யூனிட்டையும் ஒரே வருடத்தில் எடுத்துக்கொண்ட ஆலைகளில் பாதியில் ஆட்கள் களைத்துப் போனதைத்தான் பார்த்தேன். சுத்தம் செய்த பட்டியல் மறுபடி வளராமல் இருக்க, புது அலாரம் வைப்பதற்கும் ஒப்புதல் முறை வேண்டும். ஹேசாப் கூட்டங்களில் இதை அறிவிக்கும்போது கொஞ்சம் முணுமுணுப்பு வரும்.

இந்த வரிசையை நான் மாற்றும் இடங்கள் உண்டு. பெரிய ஷட்டவுன் ஒரு வருடத்துக்குள் வருகிறது, பழைய ஆட்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள், ஸ்டார்ட்-அப் செய்தவர்கள் ஷிஃப்டுக்கு ஒருவர்கூட இல்லை என்றால், சிமுலேட்டர் முதலில் வரட்டும். அதுவும் சிக்கலான ஒரு யூனிட்டுக்கு மட்டும். அலாரம் ஏற்கெனவே அளவுக்குள் இருக்கிறது, மேனுவலில் கிடப்பது விரல்விட்டு எண்ணும் லூப்புகள்தான், மார்ஜின் மட்டும் வீணாகிறது என்றால் அட்வான்ஸ்டு கண்ட்ரோலுக்குத் தாராளமாகப் போகலாம். அப்படிப்பட்ட ஆலை கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் புராசஸ் இன்ஜினியருக்குக் கை கொடுங்கள். காவல் கருவிகளின் சோதனைத் தேதிகள் தவறிப்போயிருந்தால், நான்கில் எதுவும் வேண்டாம், முதலில் அதை முடியுங்கள்.

கூட்டத்தில் அலாரத்துக்காகப் பேசுவது கடினம், கையில் லாபக் கணக்கு இருக்காது. நான் ஒருமுறை செய்தது இதுதான்: தடங்கல் ஏதுமில்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையின் அலாரம் பட்டியலை அச்செடுத்து, கட்டாக மேசையில் வைத்தேன். தலைமையில் இருந்தவர் சில பக்கம் புரட்டிவிட்டு, அன்று போர்டில் இருந்த ஆபரேட்டரைப் பார்த்து, "இதில் எதற்கெல்லாம் ஏதாவது செய்தீர்கள்?" என்று கேட்டார். அவர் பேனாவை எடுத்து வெகு நேரம் தேடி, ஆறு இடத்தில் கோடு போட்டார். ஏழாவதில் போடப்போய், யோசித்து, விட்டுவிட்டார். அந்த வருடம் நாங்கள் கேட்டதில் பாதித் தொகைதான் கிடைத்தது, ஒரு யூனிட்டோடு நிறுத்திக்கொண்டோம்.